வெட்டியவனுக்குத் தண்டனை சரி, வெட்டச் சொன்ன வானொலியை நடத்தியவனுக்கு?

பாம்பன்கரை எழுதியது:

போன வாரம் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994-ல் நடந்த இனப்படுகொலை பற்றிய இழையில் ஒரு நண்பர், "பேசினதுக்கெல்லாம் ஆயுள் தண்டனை என்றால் நாட்டில் பாதிப் பேர் உள்ளேதான் இருக்கணும்" என்று எழுதியிருந்தார். அதை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. அதனால் தனி இழை.

நம் கரையில் வளர்ந்தவர்களுக்கு ரேடியோவின் செல்வாக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் இலங்கை வானொலிதான் இங்கே வீட்டுக்கு வீடு கேட்டது. குரலை வைத்தே அறிவிப்பாளர் யார் என்று சொல்லும் பெரியவர்கள் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இன்றும் இருக்கிறார்கள். தினமும் வீட்டுக்குள் வந்து போகிற குரல் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ருவாண்டாவில் ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அங்கேயும் இதுதான் நடந்தது. அரசு வானொலி விறைப்பாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. இவர்கள் பாட்டுப் போட்டார்கள், நேயர்களோடு பேசினார்கள், தெருவில் பேசுகிற மாதிரியே பேசினார்கள். அந்தக் கலகலப்புக்கு நடுவில்தான், அங்கே சிறுபான்மையினரான துட்சி மக்களைக் கரப்பான் பூச்சி என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள்.

1994 ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹப்யாரிமானா வந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், பெரும்பான்மை ஹுட்டு இனத்தின் தீவிரவாதிகள் துட்சிகள் மேல் தொடங்கிய கொலைகள் ஏறத்தாழ 100 நாள் நடந்தன. குறைந்தது 5 லட்சம் பேர், பெரும்பாலான கணக்குகளில் 8 லட்சம் பேர் வரை செத்தார்கள். அந்த நாட்களில் இந்த வானொலி பெயர் சொல்லி ஆள் காட்டியது. இன்னார் இந்தப் பகுதியில் ஒளிந்திருக்கிறார், இன்னாருடைய கார் எண் இது என்று அறிவித்தது. சாலைத் தடுப்புகளில் வெட்டுக்கத்தியோடு நின்றவர்கள் காதருகே டிரான்சிஸ்டரை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த வானொலியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஃபெர்டினாண்ட் நஹிமானா. வரலாற்றுப் பேராசிரியர். அவர் கத்தியைத் தொடவில்லை. அந்த 100 நாளில் கொலை செய்யச் சொல்லி மைக்கில் பேசியதும் அவர் இல்லை. ஆனாலும் தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. அமைத்த நீதிமன்றம் 2003 டிசம்பர் 3-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு வாசித்த தலைமை நீதிபதி நவநீதம் பிள்ளை, துப்பாக்கியோ கத்தியோ இல்லாமலே ஆயிரக்கணக்கான அப்பாவிகளின் சாவுக்குக் காரணமானீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

இது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

கீழக்கரைவாசி எழுதியது:

தம்பி, நல்ல இழை. ருவாண்டா விஷயத்தில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. என் பயம் வேறு. இந்த மாதிரிச் சட்டம் அரசாங்கத்தின் கையில் கிடைத்தால் யார் மேல் பாயும்? கார் எண்ணை அறிவித்த வானொலி முதலாளி மேல் பாய்வதற்கு முன்னால், பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க் ஊழலை எழுதின சின்னப் பத்திரிகைக்காரன் மேல் பாயும். நம் மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபர் வந்தால் தலைவர்களின் நினைவு நாட்களுக்காகத் தடை உத்தரவு வருகிறது. அந்த நேரத்தில் முகநூலில் ஒரு பழைய போட்டோவைப் போட்டவனைக்கூடப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறோம். பதற்றம் நிஜம், அதை மறுக்கவில்லை. ஆனால் "தூண்டினான்" என்ற ஒரு வார்த்தையை எவ்வளவு தூரத்துக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம். கோடு எங்கே என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

வக்கீல் ராமநாதபுரம் எழுதியது:

கீழக்கரைவாசி காக்கா கேட்டது அடிப்படையான கேள்வி. அருஷா நீதிமன்றமே இதில் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1948 டிசம்பர் 9-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட இனப்படுகொலை ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு, இனப்படுகொலை செய்வதை மட்டும் குற்றமாக்கவில்லை. அதைச் செய்யும்படி "நேரடியாகவும் பகிரங்கமாகவும்" தூண்டுவதையும் தனிக் குற்றமாக்கியது. தூண்டிய பிறகு ஒரு கொலைகூட நடக்காவிட்டாலும் இது குற்றம்தான். ஆனால் மூன்று விஷயங்களை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். பேச்சு பொதுமக்களை நோக்கி இருக்க வேண்டும். நேரடியாக இருக்க வேண்டும். பேசியவன் மனதில் அந்த இனத்தை அழிக்கும் நோக்கமே இருக்க வேண்டும். மூன்றாவதுதான் மலை. வெறும் வெறுப்பு, வசவு, கேவலப்படுத்துதல் இதில் வராது. சின்னப் பத்திரிகைக்காரரை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவரவே முடியாது.

"நேரடியாக" என்றால் பச்சையாகக் கொல் என்று சொல்லியிருக்க வேண்டுமா? இல்லை. 1998 செப்டம்பர் 2-ல் அகயேசு என்ற ருவாண்டா மேயர் வழக்கில் அருஷா நீதிமன்றம் இதைத் தீர்மானித்தது. இனப்படுகொலைக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று சொன்னது அதுதான் முதல் முறை. அந்த மொழியில், அந்த ஊரில், அந்த நேரத்தில் கேட்டவர்களுக்கு என்ன புரிந்தது என்பதுதான் அளவுகோல் என்றார்கள். நம் ஊர் மேடைகளைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஊர் பெயரையோ சாதிப் பெயரையோ சொல்லாமலே கூட்டத்துக்கு முழு அர்த்தமும் போய்ச் சேருகிற மாதிரி பேசுகிறவர்கள் நம்மிடமும் உண்டு.

இப்போது காக்கா கேட்ட கோடு. 2007 நவம்பர் 28-ல் நஹிமானா வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. அதில் பல குற்றச்சாட்டுகள் ரத்தாயின. ஏப்ரல் 6-க்கு முந்தைய ஒலிபரப்புகளில் வெறுப்பு இருந்தது, ஆனால் அவை இனப்படுகொலைக்கான நேரடித் தூண்டுதல் என்று சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். அதற்குப் பிந்தையவைதான் குற்றமாக நின்றன. "கங்குரா" பத்திரிகை ஆசிரியர் ஹசன் ங்கேஸேயும் இதே வழக்கில் இருந்தவர். அவர் 1990 டிசம்பரில் "ஹுட்டுக்களின் பத்துக் கட்டளைகள்" என்று ஒன்றை அச்சிட்டார். துட்சிப் பெண்ணைக் கட்டினால் துரோகி, துட்சியோடு வியாபாரம் செய்தால் துரோகி என்று போகும். ஆனால் அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் 1994-ம் ஆண்டுக்கு மட்டுமே என்பதால் அந்தப் பழைய இதழ்களுக்காகத் தண்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1994-ல் வந்த இதழ்களுக்காகத் தண்டனை நின்றது. நஹிமானாவுக்கு ஆயுள் 30 ஆண்டானது, ங்கேஸேவுக்கு ஆயுள் 35 ஆண்டானது. மூன்றாவது ஆள், வானொலியின் இன்னொரு தலைவர் பராயக்விஸாவுக்கு 35 ஆண்டு 32 ஆனது. அதே அமர்வில் இருந்த நீதிபதி தியோடர் மெரோன், வெறும் வெறுப்புப் பேச்சைக் குற்றமாக்கும் பாதையில் போகக் கூடாது என்று தனியாக மறுப்பு எழுதினார். காக்காவின் பயம் அங்கேயும் பேசப்பட்டது.

தொண்டி டீச்சர் எழுதியது:

இது ருவாண்டாவில் தொடங்கியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் இரண்டு ஊடகக்காரர்கள் கூண்டில் நின்றார்கள். ஜூலியஸ் ஸ்ட்ரைஷர் "டெர் ஸ்டுர்மர்" என்ற யூத வெறுப்பு வாரப் பத்திரிகையை 1923-லிருந்து நடத்தியவர். ஹான்ஸ் ஃப்ரிட்ஷே பிரச்சார அமைச்சகத்தில் வானொலிப் பிரிவின் தலைவர். ஸ்ட்ரைஷரை 1946 அக்டோபர் 16-ல் தூக்கிலிட்டார்கள். ஃப்ரிட்ஷே விடுதலை ஆனார்.

ஏன் இந்த வித்தியாசம்? யூதர்கள் கிழக்கே கொல்லப்படுகிறார்கள் என்ற விவரம் ஸ்ட்ரைஷருக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தில் வந்த ஒரு யூதப் பத்திரிகையை அவர் தொடர்ந்து வாங்கிப் படித்தார், கொலைச் செய்திகள் அதில் வந்துகொண்டிருந்தன. தெரிந்த பிறகும் அழிக்க வேண்டும் என்றே எழுதினார். ஃப்ரிட்ஷே மேலிருந்து வந்த கொள்கையை வாசித்தவர், கொள்கையை வகுத்தவர் இல்லை, அட்டூழியம் செய்யத் தூண்டும் நோக்கம் அவருக்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். சோவியத் நீதிபதி அந்த விடுதலையை ஏற்கவில்லை. பிறகு ஜெர்மன் நீதிமன்றம் ஒன்று ஃப்ரிட்ஷேவுக்கு 9 ஆண்டு கொடுத்தது. நான் அந்த சோவியத் நீதிபதியின் பக்கம்தான். நாடு முழுக்க வானொலியை இயக்கியவரை வெறும் வாசிப்பவர் என்று எப்படி ஒதுக்குவது?

வேதாளையான் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் வருகிறேன்.

வெட்டினவனுக்கு மூளை இல்லையா? பக்கத்து வீட்டுக்காரனை, கூடப் படித்தவனை வெட்டினான். ரேடியோ சொன்னது என்று சொன்னால் அவன் பாவம் குறைகிறதா? இலங்கைக் கடற்படை நம் படகைப் பிடித்தால் அங்கே கோர்ட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். விசைப்படகை ஓட்டினவனுக்கு ஆறு மாதம் சிறை, கூடப் போனவர்களை எச்சரித்து அனுப்புகிறார்கள். கரையில் இருக்கிற முதலாளி சிறைக்குப் போவதில்லை. யார் கையில் சுக்கான் இருந்ததோ அவனுக்குத்தான் தண்டனை. அதுதானே முறை?

இன்னொன்று. ஆர்.டி.எல்.எம். ஒலிபரப்பின் தாக்கத்தை யானகிசாவா-ட்ராட் என்ற பொருளாதார ஆய்வாளர் கணக்குப் போட்டு 2014-ல் கட்டுரை வெளியிட்டார். மலைகள் நிறைந்த நாடு என்பதால் சில கிராமங்களுக்கு ஒலிபரப்பு எட்டியது, சில கிராமங்களுக்கு எட்டவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வன்முறையில் பங்கேற்றதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ரேடியோவால் வந்தது என்றார். மீதி ஒன்பது பங்கு ராணுவம், கட்சி, உள்ளூர் அதிகாரிகள். பத்தில் ஒன்றுக்கு ஆயுள் தண்டனையா?

முகாம்பிள்ளை எழுதியது:

நான் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். இப்போது வேறு ஊரில் வேலை, ஆனால் அம்மா இன்னும் அங்கேதான். வேதாளை அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் போக முடியவில்லை.

பத்தில் ஒன்று என்பது அத்தனை சிறிய எண்ணா அண்ணா? ஐந்து லட்சத்தில் பத்தில் ஒன்று எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

1983 ஜூலையில் அம்மா கொழும்பில் ஒரு தையல் கடையில் இருந்தார். கடைத்தெருவுக்கு வந்த கும்பலிடம் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பார். பட்டியலைப் பார்த்து, கதவு எண்ணைச் சரிபார்த்து, இது தமிழன் வீடு, இது இல்லை என்று பிரித்து எரித்தார்கள். இதை அம்மா மட்டும் சொல்லவில்லை, அந்தக் கலவரத்தைப் பற்றி எழுதிய பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்ட செய்தி பரவியது, அதோடு வதந்திகளும் பரவின. கலவரம் தொடங்கி நாலைந்து நாள் கழித்து, 28-ம் தேதி, ஜனாதிபதி ஜெயவர்தனா தொலைக்காட்சியில் பேசினார். செத்தவர்களுக்காகவும் வீடு இழந்த தமிழர்களுக்காகவும் அதில் ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. சிங்கள மக்களின் கோபத்துக்குக் காரணம் சொன்னார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம்தான் அம்மாவை மூன்று நாள் சமையலறையில் ஒளித்து வைத்தது, அவர்களும் அதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பட்டியலை யார் கொடுத்தார்கள் என்று யாரும் விசாரிக்கப்படவில்லை. வதந்தியை அச்சில் ஏற்றியவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. எரித்தவர்களில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று பார்த்தால் அங்கேயும் ஒன்றும் இல்லை. அம்மா 1990-ல் படகில் ஏறி, தனுஷ்கோடிக்கு வெளியே ஒரு மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, கழுத்தளவு தண்ணீரில் கொஞ்ச தூரம் நடந்து கரை சேர்ந்தவர். அவருக்கு இன்றும் எரித்த முகங்களைவிட, பட்டியலை வாசித்த குரல்தான் நினைவில் நிற்கிறது.

இன்னொரு விஷயம். அருஷாவில் அந்தத் தீர்ப்பைக் கொடுத்த மூவரில் நவநீதம் பிள்ளை தென்னாப்பிரிக்கத் தமிழ் வம்சாவளி என்று நம் பத்திரிகைகள் அடிக்கடி எழுதும். இன்னொரு நீதிபதி அசோக டி சொய்சா குணவர்தன. இலங்கைக்காரர், சிங்களவர். அவரும் அந்தத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார். இதை நம் ஆட்கள் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

கீழக்கரைவாசி எழுதியது:

தங்கச்சி, அம்மாவுக்கு எங்கள் சலாம் சொல்லுங்கள்.

பாம்பன்கரை எழுதியது:

தங்கச்சி எழுதியதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. வேதாளை அண்ணே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையைத் தொடங்கியதே அதற்காகத்தான்.

முதலில், வெட்டியவன் பாவம் குறைகிறது என்று யாரும் சொல்லவில்லை. ருவாண்டாவில் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியான "கச்சாச்சா" நீதிமன்றங்களிலும் மற்ற கோர்ட்டுகளிலும் லட்சக்கணக்கானவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். முதலாளியைத் தண்டித்ததால் கூலியாள் தப்பவில்லை.

சுக்கான் யார் கையில் என்று கேட்டீர்களே, அருஷாவில் விசாரித்ததும் அதைத்தான். நஹிமானா தரப்பு என்ன வாதாடியது? ஏப்ரல் 6-க்குப் பிறகு வானொலி என் கையில் இல்லை, அறிவிப்பாளர்கள் தங்கள் போக்கில் பேசினார்கள், ராணுவம் எடுத்துக்கொண்டது என்றார்கள். அப்போது ஒரு சின்னச் சம்பவம் சாட்சியாக வந்தது. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம். பிரெஞ்சுப் படை உள்ளே வந்திருந்த நேரம். ஆர்.டி.எல்.எம். அப்போது ஐ.நா. அமைதிப் படையையும் அதன் தளபதி டலேரையும் தாக்கிப் பேசிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு அதிகாரிகள் நஹிமானாவிடம் இதை நிறுத்தச் சொன்னார்கள். அவர் சொன்னார். அந்தப் பேச்சு நின்றது.

அண்ணே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டுத் தளபதியைத் திட்டுவதை நிறுத்த அவரால் முடிந்தது. அப்படியென்றால் பெயர் வாசிப்பதை நிறுத்தவும் முடிந்திருக்கும். ஏப்ரலில் முடிந்திருக்கும், மேயில் முடிந்திருக்கும். அந்த இரண்டு மாதமும் அவர் வாயைத் திறக்கவில்லை. மேல்முறையீட்டில் ஏராளமான குற்றச்சாட்டுகள் உதிர்ந்துபோன பிறகும் நஹிமானா மேல் இது மட்டும் உதிரவில்லை. கட்டுப்பாடு கையில் இருந்தது, நடப்பது தெரிந்தது, நிறுத்தவில்லை, தண்டிக்கவில்லை.

அதே வானொலியை உருவாக்கிய இன்னொரு தலைவர் பராயக்விஸா. ஏப்ரல் 6-க்குப் பிறகு வானொலி ஊழியர்கள் மேல் அவருக்கு உண்மையான கட்டுப்பாடு இருந்தது நிரூபிக்கப்படவில்லை என்று, அந்த ஒலிபரப்புகளுக்கான குற்றத்திலிருந்து அவரை விடுவித்தார்கள். வேறு குற்றங்களுக்காகத்தான் அவர் உள்ளே இருந்தார். ஒரே வானொலி, இரண்டு தலைவர்கள், இரண்டு முடிவு. முதலாளி என்ற பட்டத்துக்காக யாரையும் தண்டிக்கவில்லை அண்ணே. காக்கா கேட்ட கோடும் இதற்குள்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பத்தில் ஒரு பங்கு பற்றி: வக்கீல் ஐயா சொன்ன மாதிரி, தூண்டுதல் என்ற குற்றத்துக்கு விளைவைக் கணக்குப் போட வேண்டியதே இல்லை. அந்த ஆய்வு வரலாற்றுக்கு முக்கியம். தண்டனைக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது.

தொண்டி டீச்சர் எழுதியது:

நிறுத்தியிருக்கக் கூடியவர்கள் வெளியிலும் இருந்தார்கள். வானொலி அலையை மறிக்கும் விமானம் அமெரிக்காவிடம் இருந்தது. 1994 மே மாதம் பென்டகன் ஒரு குறிப்பு எழுதியது: பறக்க மணிக்கு 8,500 டாலர் ஆகும், பயன் குறைவு, சட்டச் சிக்கல் வேறு. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவர்களை எந்தக் கோர்ட்டும் விசாரிக்காது. ஆனால் அந்த 8,500 டாலர் என் மனதைவிட்டுப் போவதே இல்லை.

மைக்செட் உச்சிப்புளி எழுதியது:

நான் படித்தவன் இல்லை, இந்த வழக்கெல்லாம் இங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆனால் மைக் செட் போடுவது என் தொழில். அதனால் ஒன்று சொல்கிறேன்.

திருவிழாவுக்கு ஸ்டேஷனில் அனுமதி வாங்கும்போதே எழுதி வாங்குவார்கள். கூம்பு ஸ்பீக்கர் கட்டக் கூடாது, இத்தனை மணிக்கு மேல் கூடாது, பிற சமூகத்தாரைப் புண்படுத்தும் பாட்டும் பேச்சும் கூடாது என்று. கையெழுத்துப் போடுவது விழாக் கமிட்டியும் நானும். பேசப் போகிறவன் போடுவதில்லை.

சில வருடம் முன்னால் ஒரு கடலோரக் கிராமத்தில் கரகாட்டம் முடிந்த பிறகு ஒரு பையன் மைக்கைப் பிடித்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு பெண் விஷயத்தில் அடித்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தான். இரண்டு நிமிஷத்தில் குரல் மாறியது. "அவங்க வலைக்கொட்டகை எங்க இருக்குன்னு தெரியும்ல?" என்றான். கீழே உட்கார்ந்திருந்த பொடியன்கள் எழுந்து நின்றார்கள். நான் ஆம்ப்ளிஃபயரில் மைக் வயரைப் பிடுங்கிவிட்டேன். கமிட்டித் தலைவர் என்னிடம் சண்டைக்கு வந்தார், பாதி வாடகைதான் கிடைத்தது. அன்றைக்கு அந்தப் பையனைவிட எனக்குக் கோபம் தலைவர் மேல்தான். மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையைக் காட்டியிருந்தால் பையன் நிறுத்தியிருப்பான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாம்பன்கரை தம்பி அந்தப் பேராசிரியர் பற்றி எழுதினதைப் படித்ததும் எனக்கு அந்தத் தலைவர் முகம்தான் வந்தது.

வக்கீல் ராமநாதபுரம் எழுதியது:

மைக்செட் அண்ணே, நீங்கள் சொன்னதற்கு நெருக்கமாக ஒரு வழக்கு உண்டு. சிமோன் பிகிண்டி, ருவாண்டாவின் மிகப் பிரபலமான பாடகர். அவருடைய பாட்டுகளை ஆர்.டி.எல்.எம். ஓயாமல் போட்டது. அந்தப் பாட்டுகள் வெறுப்பை வளர்த்தன என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, ஆனால் பாட்டுக்காக அவரைத் தண்டிக்கவில்லை. 1994 ஜூன் கடைசியில் ஒரு கிராமச் சாலையில் ஆயுதக் கும்பலோடு ஸ்பீக்கர் கட்டிய வண்டியில் போய், மிச்சமிருக்கும் துட்சிகளைக் கொல்லச் சொல்லி அறிவித்தார். திரும்பி வரும்போது கொன்றாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதற்கு 2008 டிசம்பரில் 15 ஆண்டு. பாட்டு தப்பியது, ஸ்பீக்கர் மாட்டியது. காக்கா, கலைஞனுக்கும் எழுத்தாளனுக்கும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வேதாளையான் எழுதியது:

சரி தம்பி, கட்டுப்பாடு இருந்தவன் பொறுப்பு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பிரெஞ்சுக்காரன் சொன்னதும் நின்றது என்ற விஷயம் எனக்குப் புதிது. ஆனால் அதே அளவுகோலை இன்றைக்கு வைத்தால் யார் கூண்டில் நிற்பது? இப்போது ரேடியோ இல்லை, வாட்ஸ்அப்தான். குரூப் அட்மினையா பிடிப்பீர்கள்? எங்கள் படகு சங்க குரூப்பில் 200 பேருக்கு மேல் இருக்கிறார்கள், நான் அட்மின். யார் எப்போது என்ன போடுகிறான் என்று கடலில் இருக்கும்போது எனக்கு எப்படித் தெரியும்?

வக்கீல் ராமநாதபுரம் எழுதியது:

பயப்படாதீர்கள். 2021 டிசம்பரில் நம் மதுரைக் கிளையிலேயே இது வந்தது. ஒருவர் வெறும் அட்மின் மட்டும்தான், வேறு பங்கு இல்லை என்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் மும்பை உயர் நீதிமன்றமும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதையே சொல்லின. போடுவதற்கு முன்னால் தடுக்கும் வசதி அட்மினுக்கு இல்லை, பதிவு போட்டவனோடு சேர்ந்த பொது நோக்கமும் இல்லை என்பதுதான் காரணம். வானொலித் தலைவர் விஷயம் அப்படி இல்லை. சம்பளம் கொடுப்பதும் ஆளை வைப்பதும் எடுப்பதும் அவர் கையில்.

பெரிய கம்பெனிகள் விஷயம்தான் இன்னும் திறந்தே கிடக்கிறது. மியான்மரில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிராக ஃபேஸ்புக்கில் பரவிய வெறுப்பைப் பற்றி ஐ.நா. உண்மை அறியும் குழு 2018-ல் கடுமையாக எழுதியது. தடுப்பதற்குப் போதுமானதைச் செய்யவில்லை என்று கம்பெனியே அந்த ஆண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டது. இலங்கையில் 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, அதற்கும் 2020-ல் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் தெரிவித்ததோடு சரி. எந்த அதிகாரியும் குற்றவியல் கூண்டில் ஏறவில்லை.

கீழக்கரைவாசி எழுதியது:

கபுகாவைப் பற்றி இந்த இழையில் யாரும் எழுதவில்லையே. ஆர்.டி.எல்.எம்.-க்குத் தலைவராக இருந்த பணக்காரர். 26 வருடம் ஓடி ஒளிந்து, 2020 மே மாதம் பாரிஸ் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் பிடிபட்டார். 2022 செப்டம்பரில் தி ஹேக்கில் விசாரணை தொடங்கியது. அடுத்த வருடமே, மறதி நோய், விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பே இல்லை. கட்டுப்பாடு அளவுகோல் சரி தம்பி, என் சந்தேகமும் பாதி தீர்ந்தது. ஆனால் பணமும் காலமும் இருக்கிறவன் தப்புகிறான். சாட்சி சொல்ல வந்த விதவைகளுக்கு என்ன பதில் சொல்வது?

முகாம்பிள்ளை எழுதியது:

காக்கா, அவர்களுக்கு விசாரணை தொடங்கவாவது செய்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. வக்கீல் அண்ணாவிடம் ஒரு கேள்வி. இப்படி ஒன்று இந்தியாவுக்குள் நடந்தால், தூண்டிய ஊடக முதலாளியை எந்தப் பிரிவில் போடுவார்கள்?

வக்கீல் ராமநாதபுரம் எழுதியது:

அதற்கென்று தனிப் பிரிவு இல்லை தங்கச்சி. இந்தியா அந்த 1948 ஒப்பந்தத்தை 1959-லேயே ஏற்றுக்கொண்டது, ஆனால் உள்நாட்டுச் சட்டம் இயற்றவில்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் காங்கிரஸ் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தபோது, 2018 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே எழுதியது. இனப்படுகொலையும் மனித குலத்துக்கு எதிரான குற்றமும் நம் தண்டனைச் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை அவசரமாக அடைக்க வேண்டும் என்று. நீதிபதி முரளிதர் அமர்வு. அதற்குப் பிறகு தண்டனைச் சட்டத்தையே மாற்றி பாரதிய நியாய சன்ஹிதாவை 2024 ஜூலை 1 முதல் கொண்டுவந்தார்கள். அதிலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. இருப்பது 196-வது பிரிவு, பழைய 153ஏ. இரு பிரிவினரிடையே பகையை வளர்த்தால் மூன்று ஆண்டு வரை. கோவிலிலோ பள்ளிவாசலிலோ செய்தால் ஐந்து. கொலை நடந்தால் உடந்தைப் பிரிவுகளைச் சேர்க்கலாம், ஆனால் இன்ன பேச்சால் இன்னவன் இன்னவனைக் கொன்றான் என்று ஒவ்வொன்றாகக் கோர்த்துக் காட்ட வேண்டும். பட்டியல் வாசித்தவனையும் வாசிக்க விட்டவனையும் ஒரே பிரிவில் நிறுத்த நம்மிடம் வழி இல்லை.

தொண்டி டீச்சர் எழுதியது:

அப்படியென்றால் நம் எம்.பி.க்கு எழுதலாமே? தனிநபர் மசோதாவாகவாவது பேசட்டும்.

பாம்பன்கரை எழுதியது:

எழுதுவோம் டீச்சர். வக்கீல் ஐயா, ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவையும், கட்டுப்பாடு இருந்தும் தடுக்காத தலைவரின் பொறுப்பையும் வைத்து ஒரு பக்கத்துக்குள் வரைவு போட்டுத் தாருங்கள். அரசுக்கு விரோதமாகப் பேசுவதை இதில் கொண்டுவரக் கூடாது என்ற காக்காவின் நிபந்தனையை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள், அது இல்லாமல் நானும் கையெழுத்துப் போட மாட்டேன். தங்கச்சி, வாக்காளர் பட்டியல் விஷயத்தைச் சேர்க்க அம்மா சம்மதித்தால் மட்டும் சேர்ப்போம், கேட்டுச் சொல்லுங்கள்.

வேதாளையான் எழுதியது:

வரைவு வந்ததும் இங்கேயே போடுங்கள். சங்கத்தில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கரையில் இருப்பார்கள்.